கல்முனைக் கச்சேரியிலிருந்து ஒலுவில் வரை: நமது கரையோரத்தின் புலமைப்பரிசில் வரலாறு

நமது பாடசாலை நூறு ஆண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், இங்கு படித்து ஆசிரியைகளாகவும் அதிபர்களாகவும் வைத்தியர்களாகவும் அலுவலர்களாகவும் உயர்ந்தவர்களை நாம் பெருமையுடன் நினைவுகூருகிறோம். அவர்களுட் பலர் பெற்றோரின் உழைப்பால் மட்டும் படித்தவர்கள் அல்லர். அரசாங்கத்தின் புலமைப்பரிசிலோ, ஒரு நிதியத்தின் உதவியோ, ஊர்ப் பெரியவர் ஒருவரின் கைப்பணமோ இடையில் வந்து தாங்கியிருக்கிறது. அந்த உதவிகள் நமது கரையோரத்திற்கு எப்படி வந்தன, ஆண்பிள்ளைகளை எங்கே கொண்டு சேர்த்தன, பெண்பிள்ளைகளுக்கு ஏன் தாமதமாகப் பயன்பட்டன என்பதைச் சுருக்கமாக எழுத முயல்கிறேன். இன்று நமது சங்கத்தின் முன்னே இருக்கும் ஒரு கேள்விக்கு இந்த வரலாற்றில் பதில் இருக்கிறது என்பது என் எண்ணம்.

இவ்வரலாற்றின் ஒரு முக்கியமான கிளை கல்முனையில் முளைத்தது. அதை நட்டவர் மர்ஹூம் ஏ.எம்.ஏ. அஸீஸ். 1911இல் யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்த அவர் வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ் இந்துக் கல்லூரியிலும் படித்தார். கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியில் வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். அரசாங்கக் கலைப் புலமைப்பரிசில் அவருக்குக் கிடைத்தது. அதைக்கொண்டு கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானார். அச்சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே. ஒரு புலமைப்பரிசில் ஒரு மனிதனை எங்கிருந்து எங்கே கொண்டுபோகும் என்பதைத் தன் வாழ்விலேயே கண்டவர் அவர்.

1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. பர்மா வீழ்ந்ததால் அங்கிருந்து வந்துகொண்டிருந்த அரிசி நின்றது. நாட்டுக்குச் சோறு போடும் பொறுப்பு உள்ளூர் வயல்களின் மேல் விழுந்தது. உணவு உற்பத்தியைப் பெருக்குவதற்காக அவ்வாண்டிலேயே கல்முனைக்கு அவசரகால உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவர் அஸீஸ். அம்பாறை மாவட்டம் என்று ஒன்று அப்போது இல்லை. 1961 வரை நாமெல்லாம் மட்டக்களப்பு மாவட்டத்தவர்கள். மாவட்டத்தின் தென்கோடியில், கச்சேரியைக் காண்பதற்கே நெடுந்தூரம் போகவேண்டியிருந்த மக்களிடையே ஒரு கச்சேரி வந்து அமர்ந்தது.

வயல் விளைவதற்கான வேலைகளைச் செய்துகொண்டே அவர் வேறொன்றையும் கவனித்தார். நிலம் இருந்தது, உழைப்பு இருந்தது, மார்க்கப் பற்று இருந்தது, படிப்பு இல்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் கீழ் வகுப்புகளோடு நின்று வயலுக்கும் கடலுக்கும் போனார்கள். காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரோடு அவருக்கு நெருங்கிய தொடர்பு இருந்தது. மட்டக்களப்பில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவிய சுவாமியின் பணி அவரது கண்முன்னே இருந்தது. கல்முனையில் இருந்த காலத்திலேயே முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அவர் ஏற்படுத்தினார். வசதியற்ற திறமைசாலிகளுக்கு உதவுவது அதன் நோக்கம். இங்கு கண்டதை நாடு முழுவதற்கும் விரித்து 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியத்தைத் தோற்றுவித்தார். நாடளாவிய அந்த நிதியத்தின் விதை நம் மண்ணில் ஊன்றப்பட்டது என்பதை நமது மாணவிகள் அறிந்திருக்க வேண்டும்.

அதே 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி கன்னங்கராவின் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. கிராமப் பிள்ளைகளுக்காக மத்திய கல்லூரிகள் திறக்கப்பட்டன. ஐந்தாம் வகுப்பில் பரீட்சை வைத்துத் தெரிவானவர்களுக்கு அக்கல்லூரிகளின் விடுதியில் இடமும் உணவும் கொடுக்கப்பட்டன. கிழக்கில் வந்தாறுமூலை மத்திய கல்லூரி அப்படி எழுந்த ஒன்று. பிற்காலத்தில் கிழக்குப் பல்கலைக்கழகம் அந்த வளவிலேயே தொடங்கியது.

கட்டணம் நீங்கியபின் உதவி நிதியம் எதற்கு என்று அன்று சிலர் கேட்டிருக்கலாம். படிப்புக்குரிய செலவில் கட்டணம் ஒரு சிறு பகுதிதான். வண்டிக்கூலி, தங்குமிடம், சாப்பாடு, புத்தகம், உடுப்பு என்று மற்றவை இருக்கின்றன. வெள்ளாமை வெட்டுக்கு ஒரு கை குறைவதும் ஏழை வீட்டுக்குச் செலவுதான். இலவசக் கல்வி கதவைத் திறந்தது. கதவடிக்குப் போய்ச் சேர்வதற்குப் புலமைப்பரிசில் தேவைப்பட்டது.

1948இல் அஸீஸ் சிவில் சேவையை விட்டு விலகிக் கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். ரி.பி. ஜாயா கட்டி வளர்த்த அக்கல்லூரியை 1961 வரை நடத்தினார். கிழக்கிலிருந்தும் மற்றப் பகுதிகளிலிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு ஸாஹிரா தலைநகரின் வாசலாக இருந்தது. முஸ்லிம் அல்லாதவர்களும் அங்கு படித்தார்கள், கற்பித்தார்கள். பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி ஸாஹிராவின் மாணவராகவும் பின்னர் ஆசிரியராகவும் இருந்தவர். அப்படிப்பட்ட விடுதிக்கு ஊரிலிருந்து போன பிள்ளை பாடத்தோடு வேறு பலவற்றையும் கற்றான். தன் வேலையைத் தானே செய்யப் பழகினான். பிற ஊரவரோடும் பிற சமயத்தவரோடும் ஒரே மேசையில் உண்டான். கூட்டத்தில் எழுந்து பேசக் கற்றான். திரும்பி வரும்போது ஊரின் பிரச்சினையை ஊருக்கு வெளியே நின்று பார்க்கத் தெரிந்தவனாக வந்தான். நமது பிரதேசத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளும் உத்தியோகத்தர்களும் பெரும்பாலும் இப்படி வெளியூர் விடுதிகளில் உருவானவர்கள்.

இந்த வரியில் நான் வேண்டுமென்றே 'கற்றான்', 'வந்தான்' என்று எழுதினேன். ஏனெனில் அந்தப் பயணம் பையன்களுடையது.

பெண் கல்வியைப் பற்றி நமது முன்னோர் பேசாமல் இருக்கவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அறிஞர் சித்தி லெப்பை கண்டியில் பெண்பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலையைத் தொடங்கினார். 1946இல் கொழும்பில் முஸ்லிம் மகளிர் கல்லூரி உருவானது. கோழிக்கோட்டிலிருந்து வந்த ஆயிஷா ரவூப் அதன் முதல் அதிபர். ஆனால் பம்பலப்பிட்டியிலுள்ள கல்லூரி அட்டாளைச்சேனைப் பெண்பிள்ளைக்கு எவ்வளவு தூரம்? மட்டக்களப்பு வரை பஸ்ஸில் போய், அங்கிருந்து இரவு முழுவதும் புகைவண்டியில் இருக்கவேண்டும். பன்னிரண்டு வயது மகளை அப்படி அனுப்பும் வாப்பா அன்று எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

தூரம் ஒரு தடை என்றால் நமது குடும்ப வழக்கம் இன்னொன்று. நம்மிடையே மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வருவார், வீடு பெண்ணுக்குரியது. மகள் பிறந்த நாளிலேயே வாப்பாவின் மனதில் ஓர் அத்திவாரம் போடப்படுகிறது. மூன்று பெண்பிள்ளைகள் என்றால் மூன்று வீடுகள். வயலிலும் கடலிலும் கடையிலும் கிடைத்தது, பின்னாளில் மத்திய கிழக்கிலிருந்து வந்தது, எல்லாம் கல்லாகவும் சீமெந்தாகவும் மாறின. மகனின் படிப்புக்குக் கொடுத்த பணம் நாளைய வருமானமாகத் தெரிந்தது. மகளின் படிப்புக்குக் கொடுத்த பணமோ அவளது வீட்டிலிருந்து கழற்றிய கல்லாகத் தெரிந்தது. பெண்ணின் கையில் வீடு இருப்பது பெரிய பாதுகாப்பு என்பதை நான் மறுக்கவில்லை. வைத்தியராக எத்தனையோ குடும்பங்களில் அதைக் கண்டிருக்கிறேன். ஆனால் இந்தக் கணக்கு மாறாமல் பெண்பிள்ளை தூர இடத்தில் படிக்க முடியாது. வீட்டுக் கணக்கில் சேராத பணம் ஒன்று அவளுக்கு வேண்டியிருந்தது. புலமைப்பரிசில் அத்தகைய பணம்.

பணம் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். வங்காளத்தில் பேகம் ரொக்கையா 1911இல் கல்கத்தாவில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காகப் பாடசாலை நடத்தத் தொடங்கியபோது, வீடு வீடாகச் சென்று பெற்றோரிடம் பேசியதோடு, பிள்ளைகளை ஏற்றிவரத் திரையிட்ட வண்டியையும் ஏற்பாடு செய்யவேண்டியிருந்தது. வண்டி வந்தபின்தான் வகுப்பு நிறைந்தது. பாதுகாப்பான வழியும் தங்குமிடமும் பெற்றோர் நம்பக்கூடிய ஒருவரும் இருந்தால்தான் பெண் கல்விக்கான பணம் செலவாகும். எங்கும் இதுதான் அனுபவம்.

நமது கரையோரத்திலும் அவ்வாறே நடந்தது. பெண்கள் முதலில் நுழைந்த தொழில் ஆசிரியத் தொழில். அட்டாளைச்சேனையில் ஆசிரியர் கலாசாலை இருந்ததும், அளுத்கமையில் முஸ்லிம் பெண்களுக்கென ஒரு கலாசாலை இருந்ததும் அதற்கு உதவின. பயிற்சிக் காலத்தில் கொடுப்பனவு உண்டு, விடுதி உண்டு, முடிவில் நியமனம் உண்டு. பெற்றோர் தயங்கக் காரணம் குறைவு. பின்னர் கல்முனையில் கல்வி அமைச்சர் பதியுதீன் மஹ்மூதின் பெயரால் மகளிர் கல்லூரி வந்தபோது, உயர்தர விஞ்ஞானம் பயணத் தூரத்திற்குள் வந்தது. நமது பாடசாலையில் எனக்குக் கற்பித்த ஆசிரியைகள் இந்தக் கலாசாலைகளிலிருந்து வந்தவர்கள். அவர்கள் இல்லையென்றால் எங்கள் தலைமுறை இல்லை.

1981இல் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் மகாபொல நம்பிக்கை நிதியம் சட்டமூலம் அமைந்தது. வர்த்தகக் கண்காட்சிகளிலிருந்தும் லொத்தரிலிருந்தும் வந்த பணம் பல்கலைக்கழக மாணவருக்கு மாதாந்த உதவியாக மாறியது. நானும் அதைப் பெற்றேன். என் பெயரில் திறந்த வங்கிக் கணக்கில் என் பெயருக்கு வந்த முதற் பணம் அதுதான். பேராதனை விடுதியில் அந்தத் தொகையில் குறிப்புகளைப் பிரதி எடுத்தேன், விடுமுறையில் மஹியங்கனை, மகா ஓயா, அம்பாறை வழியாக ஊருக்கு வர பஸ் கட்டணம் கொடுத்தேன். அதைவிட முக்கியமாக, ஒரு செலவுக்கும் வீட்டில் காரணம் சொல்லவேண்டியிருக்கவில்லை. யுத்த காலத்தில் சிங்களப் பிள்ளைகளோடும் தமிழ்ப் பிள்ளைகளோடும் ஒரே அறையில் இருந்தேன். நோயாளியின் கட்டிலருகே நின்று சிங்களம் பேசப் பழகினேன். என் முடிவை நானே எடுத்து, அதற்கு நானே பொறுப்பாக இருக்கலாம் என்ற தைரியம் அங்கேதான் வந்தது. பட்டம் பிறகு வந்தது.

1990களில் நிலைமை இன்னொரு தரம் மாறியது. யுத்தத்தால் மற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் போகமுடியாமல் நமது மாணவர்கள் தவித்த வேளையில், மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரஃபின் முயற்சியால் 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி நமது அட்டாளைச்சேனையிலேயே தொடங்கியது. 1996 மே 15ஆம் திகதி அது முழுமையான பல்கலைக்கழகமாகி, பின்னர் ஒலுவிலில் நிலைகொண்டது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில் பல்கலைக்கழகம்! ஒரு தலைமுறைக்கு முன் கற்பனை செய்ய முடியாதது. இன்று நாட்டின் பல்கலைக்கழக மாணவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். நமது கரையோரத்துப் பெண்பிள்ளைகளும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ்.

ஆயினும் ஒன்றைக் கவனிக்கிறேன். பக்கத்தில் இருப்பது சில வேளைகளில் எல்லையாகவும் ஆகிவிடுகிறது. மொறட்டுவையில் கட்டடக் கலைக்கும் கொழும்பில் சட்டத்திற்கும் போகக்கூடிய பிள்ளையிடம், "ஒலுவில் இருக்குத்தானே மகள், ஏன் அவ்வளவு தூரம்?" என்று கேட்கிறோம். அவள் ஒலுவிலை விரும்பித் தெரிவு செய்தால் மகிழ்ச்சி. பணமும் அறையும் துணையும் இல்லாததால் தெரிவு செய்தால், அது அஸீஸ் கல்முனையில் கண்ட அதே பிரச்சினை.

இதை நான் புத்தகத்திலிருந்து சொல்லவில்லை. மார்பில் கட்டியோடு பல மாதங்கள் வீட்டில் இருந்துவிட்டு, "பொம்பிள டொக்டர் இருக்கிறா என்று சொன்னாங்க, அதான் வந்தன்" என்று வரும் உம்மாமாரை நான் காண்கிறேன். பிந்தி வருவதால் சிலரைக் காப்பாற்ற முடிவதில்லை. நமது ஊரில் இன்னும் எத்தனை பெண் வைத்தியர்கள், தாதியர், ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர்கள், சட்டத்தரணிகள் தேவை என்பதை அந்த முகங்கள் சொல்கின்றன. ஒரு பிள்ளை தூரம் போய்ப் படிப்பது அவளது வீட்டு விடயம் மட்டும் அன்று.

நூற்றாண்டு நினைவாக நுழைவாயில் வளைவு ஒன்று கட்டுவோம் என்று சங்கத்தில் சிலர் கூறுகிறார்கள். அவர்களது அன்பை மதிக்கிறேன். ஆனால் நான் மேலே எழுதிய வரலாறு வேறொன்றைக் கேட்கிறது. சிறிய அளவிலேனும் ஒரு புலமைப்பரிசில் நிதியத்தைத் தொடங்குவோம். மூன்று விடயங்கள் அதில் இருக்கட்டும். ஒன்று, மாணவியின் பெயரிலேயே வங்கியில் சேரும் மாதாந்தப் பணம். ஒருமுறை மேடையில் கொடுக்கும் உறையைவிட அது பயன்தரும். இரண்டு, கொழும்பு, கண்டி, யாழ்ப்பாணம் ஆகிய நகரங்களில் வாழும் நமது பழைய மாணவிகள், விடுதி கிடைக்கும்வரை முதல் சில வாரங்கள் ஒரு பிள்ளைக்குத் தம் வீட்டில் இடம் கொடுப்பது. மூன்று, ஒவ்வொரு மாணவிக்கும் அதே துறையிலுள்ள ஒரு மூத்த சகோதரி; மாதம் ஒருமுறை தொலைபேசியில் பேசி, பரீட்சை எப்படி, உடம்பு எப்படி, என்ன குறை என்று கேட்பவர். கிடைத்தவர் உழைக்கத் தொடங்கியபின் தன்னால் இயன்றதை நிதியத்திற்குத் திருப்பித் தருவார் என்பது எழுதாத உடன்பாடாக இருக்கட்டும். ஸகாத் பணத்தை இதில் எவ்வாறு சேர்க்கலாம் என்பதை உலமாக்களிடம் கேட்டு அறிவோம். ஸதகதுல் ஜாரியாவாக ஒவ்வொருவரும் கொடுக்கத் தடையேதுமில்லை.

வரும் ஜனவரியில் உயர்தரப் பெறுபேற்றோடு பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் நமது மாணவிகளின் பட்டியலை அதிபரிடம் கேட்டுப் பெறுவோம். முதலாண்டில் மூன்று பேருக்கேனும் கொடுக்க இயலும். என் பங்கை நான் பொருளாளர் சகோதரியிடம் ஒப்படைத்துவிட்டேன். இன்ஷா அல்லாஹ், நீங்களும் சேருவீர்கள்.