முழந்தாளில் ஒரு தகப்பனார்



"பிள்ளைகள் செபம் சொல்ல மறுக்கிறார்கள், சாமி" என்று நம்மிடம் முறையிடும் பெற்றோர் பலர். அவர்களுக்காக இந்த ஜூபிலி மலரில் ஒரு தகப்பனாரை நினைவுகூர விரும்புகிறோம்.

புனிதரான திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பரின் தந்தையே அவர். மகனைப் போலவே அவர் பெயரும் கரோல் வொய்த்திவா. 1879-ல் பிறந்தவர். போலந்து நாட்டில் வாடோவிச்சே என்னும் சிற்றூரில் குடியிருந்த படை அதிகாரி. 1929-ல் மனைவி எமிலியா மறைந்தபோது இளைய மகனுக்கு வயது 8. 1932-ல் மருத்துவரான மூத்த மகன் எட்மண்டும் நோயாளியிடமிருந்து தொற்றிய காய்ச்சலால் இறந்தார்.

இருவரையும் பறிகொடுத்த பின்னும் அவர் செபத்தை விடவில்லை. வீட்டு வேலைகளைத் தாமே செய்து மகனை வளர்த்தார். இரவில் விழித்த சிறுவன், தந்தை முழந்தாளிட்டுச் செபிப்பதைக் கண்டதுண்டு. குருத்துவ அழைத்தலைப் பற்றி அவர்கள் பேசிக்கொண்டதே இல்லை. ஆயினும் தந்தையின் முன்மாதிரிகையே தமக்கு முதற் குருமடம் என்று திருத்தந்தை 1996-ல் வெளிவந்த தம் நூலில் எழுதினார்.

1941 பிப்ரவரி 18. கிராக்கோ நகரம் ஜெர்மானியர் பிடியில் இருந்த காலம். கல் குவாரியில் வேலை செய்துவந்த மகன் அன்று உணவும் மருந்தும் கொண்டு வீடு திரும்பினார். தந்தை இறந்து கிடந்தார். மரண வேளையில் அருகில் இல்லையே என்ற துயரத்தோடு இரவெல்லாம் அங்கேயே செபித்தார். மறு ஆண்டு, மறைவில் நடந்த குருமடத்தில் சேர்ந்தார். 1946-ல் குருப்பட்டம் பெற்றார்.

பெற்றோரே, இன்றிரவு உங்கள் பிள்ளை விழித்துப் பார்த்தால் எதைக் காணும்?