பேர்மிங்ஹாமுக்குப் போனவர்கள்

கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டு விறாந்தையில் இரண்டு வாரங்களாக ஒரு பயணப்பெட்டி திறந்தபடி கிடக்கிறது. என் மகளின் மகள் இந்தச் செப்டெம்பரில் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்துக்கு முதுமாணிப் படிப்புக்காகச் செல்கிறாள். பாடம் பொதுச் சுகாதாரம். பெட்டிக்கு முப்பது கிலோ அனுமதி. அதில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், சிறிய ரைஸ் குக்கர், கம்பளிப் போர்வை ஆகியவையே பாதியைப் பிடித்துக்கொண்டன. வீட்டுக்கு வருகின்ற ஒவ்வொருவரும் ஒரு பொட்டலமும் ஒரு புத்திமதியும் கொண்டு வருகிறார்கள். பொட்டலத்தையாவது தராசில் நிறுத்துப் பார்க்கலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை அவள் என்னிடம் கேட்டாள்: "அம்மப்பா, நான் போற யூனிவர்சிற்றிக்கு எங்கட ஆக்கள் ஆரும் முந்திப் போயிருக்கினமோ?"

யாராவது உறவினரின் தொலைபேசி இலக்கத்தை அவள் எதிர்பார்த்திருக்க வேண்டும். நான் சொன்னது இரண்டு பெயர்கள்: கைலாசபதி, சிவத்தம்பி. இருவரையும் தமிழ்ப் பாடத்தில் கேள்விப்பட்டிருந்தாள். ஆனால் அவர்களும் ஒரு காலத்தில் பெட்டி கட்டிக்கொண்டு அந்நிய நகரமொன்றில் போய் இறங்கிய மாணவர்கள் என்பது அவளுக்குப் புதிய செய்தி. எழுதி வைத்தால் வேறு பிள்ளைகளுக்கும் பயன்படும் என்று தோன்றியது.

பிரித்தானியாவுக்குப் படிக்கச் சென்ற கொழும்புத் தமிழரின் கதை எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகக்கூடிய தூரத்திலேயே தொடங்குகிறது. கொச்சிக்கடையில் பொன்னம்பலவாணேசுவரர் கோயிலைக் கட்டுவித்த பொன்னம்பல முதலியாரின் மகன் அருணாசலம் 1853இல் பிறந்தவர். பின்னாளில் றோயல் கல்லூரி என்று பெயர் மாறிய கொழும்பு அக்கடமியில் படித்து, 1870இல் அரசாங்கப் புலமைப்பரிசில் பெற்று, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட் கல்லூரிக்குச் சென்றார். சூயெஸ் கால்வாய் அதற்கு முந்திய ஆண்டுதான் திறக்கப்பட்டிருந்தது. அவருக்கு வழிகாட்டியாகக் குடும்பத்திலேயே ஒருவர் இருந்தார். தாய்மாமன் முத்துக்குமாரசுவாமி 1860களின் தொடக்கத்திலேயே இலண்டன் சென்று பாரிஸ்டர் ஆகி, அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்து வெளியிட்டவர். அந்நிய ஊரில் இறங்கும் மாணவனுக்கு இத்தகைய மாமன் வாய்ப்பது எல்லாக் காலத்திலும் பெரும் அதிர்ஷ்டம்.

அருணாசலம் 1875இல் பகிரங்கப் போட்டிப் பரீட்சை மூலம் இலங்கை சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையராகத் திரும்பி வந்தார். அவரது கேம்பிரிட்ஜ் வாழ்வில் என்னைக் கவர்ந்தது பரீட்சையன்று, ஒரு நட்பு. அங்கே ஆசிரியராக இருந்த எட்வேர்ட் கார்ப்பெண்டர் அவருடைய நண்பரானார். பின்னாளில் அந்த வேலையை உதறிவிட்டு எழுத்தாளராகவும் சோஷலிசவாதியாகவும் பெயர் பெற்றவர் அவர். 1890இல் கார்ப்பெண்டர் இலங்கை வந்தபோது, தமிழ் ஞானி ஒருவரிடம் அவரை அழைத்துச் சென்றவர் அருணாசலமே. கார்ப்பெண்டர் அந்த அனுபவத்தை 1892இல் நூலாக எழுதினார். மாணவனாகப் போனவர் இருபது ஆண்டுகள் கழித்துத் தம் நண்பருக்குச் சைவ சித்தாந்தத்தின் வாசலைத் திறந்துவிட்டார் என்று சொல்லலாம். அதே அருணாசலம் 1906 முதல் இலங்கைக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று இயக்கம் நடத்தினார். கடல் கடந்துதான் உயர்கல்வி என்ற நிலை மாற வேண்டுமென்று, கடல் கடந்து படித்தவரே வாதாடினார். 1921இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது. 1942இல் அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. ஆயினும் கலாநிதிப் பட்டத்துக்குக் கப்பலேறும் வழக்கம் நிற்கவில்லை.

தமிழில் ஆய்வு செய்யப் போவோர் வழக்கமாக இலண்டனுக்கோ ஒக்ஸ்போர்டுக்கோ செல்வர். பேராசிரியர் க. கணபதிப்பிள்ளை சாசனத் தமிழை ஆராய்ந்தது இலண்டனில். ஒக்ஸ்போர்டில் திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவரான பரோ இருந்தார். அங்கெல்லாம் தமிழ் தெரிந்தவர்கள் இருந்தனர். நூலகத்தில் தமிழ் நூல்கள் இருந்தன. இந்நிலையில் 1960களின் முற்பகுதியில் கைலாசபதி, தமிழ்த்துறையே இல்லாத பேர்மிங்ஹாமுக்கு, கிரேக்கமொழிப் பேராசிரியர் ஒருவரைத் தேடிச் சென்றார் என்றால், அது சாதாரணத் தெரிவன்று.

என் போன்ற பத்திரிகைக்காரர்களுக்குக் கைலாசபதி முதலில் 'தினகரன்' ஆசிரியர், பிறகுதான் பேராசிரியர். 1933இல் கோலாலம்பூரில் பிறந்து, யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் கொழும்பு றோயல் கல்லூரியிலும் படித்து, பேராதனையில் பட்டம் பெற்று, இருபதுகளின் நடுவிலேயே லேக் ஹவுஸில் ஆசிரியர் நாற்காலியில் அமர்ந்தவர். நான் எழுபதுகளின் நடுவில் நிருபராகச் சேர்ந்தபோது எங்கள் ஆசிரிய பீடத்து மூத்தவர்கள் அவரது காலத்தைப் பற்றி ஓயாமல் பேசுவார்கள். அத்தகைய நாற்காலியை விட்டெழுந்து, மீண்டும் மாணவனாக, குளிர் நாட்டில் ஒரு வாடகை அறையைத் தேடிப் போவது எளிதான காரியமா?

அவர் தேடிச் சென்ற ஜோர்ஜ் தொம்சன் யார் என்பதில்தான் இக்கதையின் உயிர் இருக்கிறது. பொதுவாக "மார்க்சிய அறிஞர்" என்ற இரண்டு சொற்களோடு அவரை நாம் கடந்துவிடுகிறோம். அவர் மார்க்சியர்தான். 'ஈஸ்கிலசும் ஏதென்சும்' என்ற அவரது நூல் 1941இல் வந்தது. ஆனால் அதற்கு நெடுங்காலம் முன்பு, 1923இல், கேம்பிரிட்ஜ் மாணவராக இருந்த இருபது வயதில், அயர்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள பிளாஸ்கெட் தீவுக்கு அவர் போய் இறங்கினார். மீன்பிடித்தும் ஆடு வளர்த்தும் வாழ்ந்த ஏழை மக்களின் தீவு அது. அவர்கள் பேசிய ஐரிஷ் மொழியைத் தொம்சன் அவர்களிடமிருந்தே கற்றார். அங்கே அவரே புது மாணவர், அந்நியர், வாய் திறந்தால் பிழைவிடுபவர். எழுதப் படிக்கத் தெரியாத முதியவர்களே ஆசிரியர்கள். கிணற்றடியில் தண்ணீர் மொண்டுவிட்டுக் கடலைப் பார்த்து நின்ற ஒரு மூதாட்டி, அமெரிக்காவுக்குப் போய்விட்ட தன் பிள்ளைகளைப் பற்றிப் பேசிய பேச்சு அப்படியே கவிதையாக இருந்ததை அவர் பின்னாளில் எழுதினார். கிரேக்க மொழியின் ஹோமரைத் தாம் உண்மையில் விளங்கிக்கொண்டது அத்தீவில்தான் என்பது அவரது நிலைப்பாடு. தீவின் இளைஞர் மொரிஸ் ஓ சலிவன் தன் இளமைக் காலத்தை ஐரிஷ் மொழியில் எழுதத் தூண்டியவரும், 1933இல் அது வெளிவந்தபோது ஆங்கிலத்தில் பெயர்த்தவர்களுள் ஒருவரும் தொம்சனே. அத்தீவில் இன்று மக்கள் இல்லை. எஞ்சியிருந்தோரும் 1953இல் வெளியேற்றப்பட்டனர்.

இப்படிப்பட்ட ஒருவரின் முன்னால் சென்று, பாணர், பொருநர், விறலியர், கூத்தர் என்று ஒரு தமிழ் மாணவர் பேசத் தொடங்கியிருந்தால், அவருக்கு அது எப்படி விளங்காமற் போகும்? வாய்மொழியாகப் பாடிப் பரிசில் பெற்ற பாணனைத் தொம்சன் வேறொரு மொழியில் ஏற்கெனவே அறிந்திருந்தார். தமிழ் தெரிந்த பேராசிரியர் ஒருவர் உரைகளையும் பாடபேதங்களையும் பற்றிக் கேட்டிருக்கக்கூடும். தமிழ்த்துறையைச் சாராத தொம்சனிடம், புறநானூற்றில் தனக்குத் தெரிந்ததையெல்லாம் மாணவர் முதலிலிருந்து விளக்கியே ஆகவேண்டும். அந்நிய நாட்டு மாணவனுக்கு இதைவிடக் கடினமான பயிற்சியும் இல்லை, இதைவிடக் கௌரவமான இடமும் இல்லை என்பது என் கருத்து.

1966இல் கைலாசபதிக்குக் கலாநிதிப் பட்டம் கிடைத்தது. ஆய்வேடு 1968இல் ஒக்ஸ்போர்ட் கிளாரெண்டன் அச்சகத்தின் வெளியீடாக, 'தமிழ் வீரநிலைக் கவிதை' என்ற பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் நூலாயிற்று. சங்கப் பாடல்களை ஹோமரோடும் ஐரிஷ், வேல்ஸ் வீரப் பாடல்களோடும் அருகருகே வைத்து, அவை வாய்மொழி மரபில் பிறந்தவை என்று அது வாதிட்டது. அந்த வாதத்தைப் பிற்காலத்தார் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. வாய்மொழி மரபை ஒட்டி எழுத்தறிந்த புலவர்கள் செய்தவை அவை என்றார் ஜோர்ஜ் ஹார்ட். அது தனி விவாதம். சங்க இலக்கியத்தை உலக வீரநிலைக் காவியங்களின் வரிசையில் வைத்துப் பேசுவது இன்று நமக்கு இயல்பாகிவிட்டது என்றால், அதில் அந்தப் பேர்மிங்ஹாம் ஆய்வேட்டுக்குப் பெரும் பங்குண்டு.

பல்கலைக்கழகத்தின் கதவுக்கு வெளியே நிலைமை வேறு. 1964 ஒக்டோபர் பொதுத்தேர்தலில், பேர்மிங்ஹாமை ஒட்டிய ஸ்மெதிக் தொகுதியில், வந்தேறிகளுக்கு எதிரான வெறுப்பைத் தூண்டிய பிரசாரத்தின் நடுவே தொழிற்கட்சியின் முன்னணித் தலைவர் ஒருவரே தோற்றார். அடுத்த பெப்ரவரியில் அமெரிக்காவின் மல்கம் எக்ஸ் அத்தொகுதியின் மார்ஷல் வீதிக்கு நேரில் வந்து பார்த்தார். சில நாட்களில் அவர் நியூயோர்க்கில் கொல்லப்பட்டார். 1965இன் இன உறவுகள் சட்டம் வாடகை வீட்டைத் தொடவில்லை. நிறத்தைக் காட்டி அறை மறுப்பது சட்டவிரோதமாவதற்கு 1968 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதே 1968 ஏப்ரலில் ஈனொக் பவல் தமது பேர்போன வெறுப்புரையை ஆற்றியதும் பேர்மிங்ஹாமில்தான். அக்காலத்தை ஒட்டி அதே தொம்சனிடம் ஆய்வு செய்தவர் கரவெட்டியைச் சேர்ந்த சிவத்தம்பி. கொழும்பு சாஹிராவில் படித்து, அங்கேயே கற்பித்து, பாராளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பாளராகவும் இருந்துவிட்டுப் போனவர் அவர். பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பற்றிய அவரது ஆய்வுக்கு 1970இல் பட்டம் கிடைத்தது. தொம்சனும் அந்த ஆண்டோடு ஓய்வு பெற்றார்.

அதற்குப் பின் வந்த காலத்தை விரைவாகவே சொல்லிவிடலாம். சொல்வதற்கு மகிழ்ச்சியும் இல்லை. 1967இல் பிரித்தானிய அரசு வெளிநாட்டு மாணவருக்குத் தனிக் கட்டணம் வகுத்தது. உள்நாட்டு மாணவருக்கு 70 பவுண், மற்றவருக்கு 250. 1980இல் முழுச்செலவையும் மாணவரே கட்டவேண்டும் என்றாயிற்று. அந்தச் சுமையோடு 1983 ஜூலை வந்தது. அப்போது நாங்கள் வெள்ளவத்தையில் வாடகைக்கு இருந்தோம். வீட்டோடு என் புத்தகங்கள் எரிந்தன. அவற்றில் கைலாசபதியின் அந்த நூலும் ஒன்று. தம்பியின் சான்றிதழ்களும் எரிந்தன. பிரதிகள் எடுப்பதற்கு அலைந்த அலைச்சலில் ஐந்து மாதங்கள் போயின.

1984இல் தம்பி மாணவனாக இலண்டன் போனான். பகலில் ஒரு கல்லூரியில் கணக்கியல், இரவில் பெற்றோல் நிலையத்தில் வேலை. ஏரோகிராமில் எழுதுவான்: அறையில் நான்கு பேர், கட்டில் இரண்டு, இரவு வேலைக்குப் போகிறவனும் வருகிறவனும் மாறி மாறிப் படுக்கலாம். அடுத்த ஆண்டு மே மாதத்தில் பிரித்தானியா இலங்கையருக்கு விசாவைக் கட்டாயமாக்கியது. பொதுநலவாய நாடொன்றின்மீது அது அவ்வாறு செய்தது அதுவே முதல் தடவை. கதவு சாத்தப்படுமுன் போய்ச் சேர்ந்தவர்களில் அவன் ஒருவன். இரண்டாம் ஆண்டுக் கட்டணம் கட்ட முடியவில்லை, படிப்பு நின்றது. வீட்டில் நாங்கள் நெடுநாள் அவனைக் குறை சொன்னோம், நானும் சொன்னேன். எந்த ஆசிரியரும் அவன் பெயரைச் சரியாக உச்சரித்ததில்லை என்று ஒரு கடிதத்தில் எழுதியிருந்தான். அப்போது அதை நான் ஒரு சாக்காகவே எடுத்துக்கொண்டேன். தொம்சனைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் இப்போது அந்தக் கடிதந்தான் நினைவுக்கு வருகிறது.

இன்று காலி வீதியில் வெள்ளவத்தைச் சந்தியைச் சுற்றி நடந்தால், நகைக்கடைகளுக்கும் நாணய மாற்றுக் கடைகளுக்கும் இடையே பிரித்தானியக் கல்விக்கு வழிகாட்டும் முகவர் பலகைகள் கண்ணில் படுகின்றன. பேத்தியின் கட்டணத்துக்காக மகள் நகையை அடகு வைத்ததும் அதே வீதியில்தான். சுகாதார மேல்கட்டணம் மட்டும் ஆண்டுக்கு 776 பவுண். பிள்ளைகள் வாடிக்கையாளர்களாகத்தான் போய் இறங்குகிறார்கள். இதில் பல்கலைக்கழகங்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நாமும் பெற்றோர் கூட்டங்களில் விசாவையும் வேலை நேரத்தையும் தவிர வேறெதுவும் கேட்பதில்லை.

ஞாயிறு இரவு தம்பி ஈஸ்ட்ஹாமிலிருந்து வட்ஸ்அப்பில் அழைத்தான். பேத்தி பெட்டியைக் காட்டினாள். அவன் சிரித்துவிட்டுச் சொன்னான்: "பிள்ளை, குக்கரை எடுத்து வெளியில வை. மிளகாய்த்தூள் இங்க எங்கட கடையளில கிடக்கு. கோட்டும் அங்க வாங்காத, அந்தக் குளிருக்குக் காணாது. இறங்கின கிழமையே நான் பேர்மிங்ஹாமுக்கு வந்து கூட்டிக்கொண்டு போய் வாங்கித் தாறன்."

அழைப்பு முடிந்ததும் அவள் கைத்தொலைபேசியில் குறித்துக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். முதல் வரியில் கோட், சின்னத் தாத்தாவோடு. அதன் கீழே கைலாசபதி, சிவத்தம்பி, நூலகம். தொம்சன் என்ற பெயரை எப்படி எழுதுவது என்று என்னிடம் கேட்டு, அதையும் சேர்த்துக்கொண்டாள்.