மாற்றுத்திறனாளி மாணவர் மீதான துன்புறுத்தல்: இலங்கைப் பாடசாலைகளின் சட்டக் கடமை

பார்வை, கேள்வி, பேச்சு, நடை, கற்றல் ஆகியவற்றில் குறைபாடுள்ள பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பது, அடிப்பது, விளையாட்டில் சேர்க்காமல் ஒதுக்குவது போன்றவை மாற்றுத்திறனாளி மாணவர் மீதான துன்புறுத்தலில் அடங்கும். பாடசாலைகளில் இதைத் தடுப்பதற்கான கடமை, இலங்கையில் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கிறது.

சட்டங்கள்

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம், கல்வி நிறுவனங்களில் அனுமதி வழங்கும்போது பாரபட்சம் காட்டுவதைத் தடை செய்கிறது. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால், அனுமதி பெற்ற பிள்ளை வகுப்பறையில் படும் துன்பத்தைப் பற்றி அந்தத் தடை பேசவில்லை. 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கப் பகிடிவதைத் தடைச் சட்டமும் பல்கலைக்கழகம், கல்வியியற் கல்லூரி போன்ற நிறுவனங்களை மனத்திற் கொண்டே இயற்றப்பட்டது.

இந்த இடைவெளியை மற்றச் சட்டங்கள் ஓரளவு நிரப்புகின்றன. இழிவாக நடத்துவதை அரசியலமைப்பின் 11 ஆம் உறுப்புரை தடுக்கிறது. தண்டனைச் சட்டக்கோவையின் 308அ பிரிவின்படி, தம் பொறுப்பிலுள்ள 18 வயதுக்குட்பட்டவரை வேண்டுமென்றே தாக்குவதும் கொடுமைப்படுத்துவதும் புறக்கணிப்பதும் குற்றம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்புறுதி செய்தது. அதன் 24 ஆம் உறுப்புரை எல்லாரையும் உள்ளடக்கிய கல்வியை வலியுறுத்துகிறது.

பிற நாடுகள்

மாற்றுத்திறனாளியைப் பொதுப் பார்வையில் வேண்டுமென்றே அவமதிப்பவருக்கு, இந்தியாவின் 2016 ஆம் ஆண்டுச் சட்டம் 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. துன்புறுத்தலால் பிள்ளையின் கல்வி பாதிக்கப்பட்டால் அதைச் சீர்செய்வது பாடசாலையின் கடமை என்று அமெரிக்கக் கல்வித் திணைக்களம் 2014 இல் அறிவுறுத்தியது.

சம்மாந்துறையில் முறையிடல்

எடுத்துக்காட்டாக, அம்பாறை மாவட்டத்தின் சம்மாந்துறையிலுள்ள பெற்றோர் முறைப்பாட்டை முதலில் அதிபரிடம் எழுத்தில் கொடுத்துப் பிரதியொன்றை வைத்துக்கொள்வது நல்லது. அதிபர் கவனிக்காவிட்டால் சம்மாந்துறை வலயக் கல்வி அலுவலகத்தை நாடலாம். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கல்முனையில் உள்ளது. அரச பாடசாலையில் அடிப்படை உரிமை மீறப்பட்டிருந்தால் 1 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். அந்த 1 மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அதன் விசாரணைக் காலம் இக்கெடுவில் சேராது.

மதிப்பீடு

சேர்ப்பதோடு பாடசாலையின் பொறுப்பு முடிந்துவிடாது. பிள்ளை அச்சமின்றிப் படிப்பதை உறுதிசெய்யும் கடமையை 1996 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே வெளிப்படையாக எழுதிச் சேர்ப்பது அவசியம்.