எப்பாக்ஸி எரிந்தால் என்ன ஆகும்? பெருங்குடி சொல்லும் வரலாறு

உடைந்த சாமானை ஒட்ட இரண்டு ட்யூப்களைப் பிதுக்கிக் கலந்து தடவுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஒன்று ரெசின், மற்றொன்று ஹார்டனர். இதுதான் எப்பாக்ஸி. ஒருமுறை இறுகிவிட்டால் பிறகு உருகவே உருகாது. வெந்த இட்லியை மறுபடி மாவாக்க முடியுமா? அதுபோலத்தான்!

1930களில் சுவிட்சர்லாந்தின் பியர் காஸ்டன் பல் மருத்துவத்துக்கான பொருள் தேடும்போது இதை உருவாக்கினார். அதை வாங்கிய சிபா நிறுவனம் 1946-ல் 'அரால்டைட்' என்ற பெயரில் பசையாக அறிமுகப்படுத்தியது. பிறகு கண்ணாடி இழைத் துணியில் எப்பாக்ஸியை ஊறவைத்து, மேலே செம்புத் தகடு ஒட்டி சர்க்யூட் போர்டு செய்தார்கள். டிவி, கம்ப்யூட்டர், செல்போன் எல்லாவற்றின் உள்ளேயும் இருக்கும் பச்சைப் பலகை இதுதான்.

ஆனால் மின்சாரம் ஓடும் பலகை தீப்பிடித்தால்? அதற்காக எப்பாக்ஸியோடு புரோமினைச் சேர்த்தார்கள். 1968-ல் இந்த வகைக்கு எஃப்.ஆர்-4 என்று பெயர் வைத்தார்கள். தீயைத் தடுப்பது என்பதே அந்த எஃப்.ஆர்.

தென்சென்னைக்கும் இந்தப் பலகை வந்தது. 1984-ல் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. அங்கே எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகளும் வந்தன. வீடுகளில் டிவி, பிறகு கம்ப்யூட்டர். பழசானவை காயலான் கடைக்குப் போயின. விலை போகாதவை குப்பையில் சேர்ந்தன. தென்சென்னைக் குப்பை 1980களின் பிற்பகுதியிலிருந்து கொட்டப்பட்ட இடம் பெருங்குடி. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஒரு பகுதி அது.

இனி சூட்டின் கதை. சுமார் 130 டிகிரியில் சாதாரண போர்டு இளக ஆரம்பிக்கும். சால்டரிங் செய்யும்போது 260 டிகிரியைக்கூட சில விநாடிகள் தாங்கும். 300 டிகிரியை நெருங்கினால் மூலக்கூறுச் சங்கிலி அறுந்து ஃபீனால், புரோமோஃபீனால், ஹைட்ரஜன் புரோமைடு வாயு எல்லாம் வெளிவரும். அந்த வாயு தீச்சுடரை அடக்கும். ஒரு சின்ன ஸ்பார்க் என்றால் அதோடு முடிந்தது.

குப்பை மேட்டில் அப்படி முடியாது. சுற்றிலும் எரிய வேறு பொருள் இருக்கிறது, உள்ளே காற்று போதாது. நாள்கணக்கில் புகைந்துகொண்டே இருக்கும். போர்டில் உள்ள செம்பு வினையூக்கியாகி, 200 முதல் 450 டிகிரிக்குள் டயாக்சின் வகை நஞ்சுகள் உருவாக உதவுகிறது. நல்ல காற்றோட்டத்தில் ஆயிரம் டிகிரிக்கு மேல் எரித்தால் அவை சிதைந்துவிடும். ஆக, அரைகுறை நெருப்புதான் ஆபத்து.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. ஜப்பானின் எஹிமே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெருங்குடிக் குப்பைமேட்டு மண்ணைச் சோதித்து, டயாக்சின் இருப்பதை 2003-ல் வெளியிட்டார்கள். 2004-ல் வந்த அடுத்த ஆய்வு இன்னும் அதிர்ச்சி. குப்பைமேட்டருகே வாழ்ந்த தாய்மாரின் பாலில் டயாக்சின் அதிகமாக இருந்தது. காரணம் பசும்பாலாக இருக்கலாம் என்றார்கள். குப்பையில் மேயும் மாடு, அதன் பால், அதைக் குடிக்கும் தாய், பிறகு குழந்தை!

இந்தப் பழி முழுவதும் சர்க்யூட் போர்டுக்கு அல்ல. பி.வி.சி. ஒயர் போன்ற குளோரின் உள்ள பொருள்கள் எரிந்தாலும் டயாக்சின் வரும். ஆனால் போர்டும் ஒயரும் ஒரே மேட்டில்தான் புகைகின்றன.

மின்னணுக் கழிவு விதிகள் 2011-ல் அறிவிக்கப்பட்டு 2012 மே முதல் அமலுக்கு வந்தன. பழைய சாதனங்களைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு என்றாயிற்று. இருந்தும் 2022 ஏப்ரலில் பெருங்குடிக் குப்பைமேடு மறுபடி பற்றி, நாள்கணக்கில் எரிந்தது. பள்ளிக்கரணை ராம்சார் பட்டியலில் சேர்ந்ததும் அதே ஆண்டில்தான்.

வீட்டில் தீப்பிடிக்கக் கூடாது என்றுதான் போர்டில் புரோமினைச் சேர்த்தார்கள். வீடு தப்பியது. குப்பைமேட்டுப் பக்கத்தில் குடியிருப்பவர் தப்பவில்லை. பழைய செல்போனைக் குப்பைத்தொட்டியில் போடுமுன் அந்தப் பாலை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.