கடல் வழி வந்தவர்கள் – 17: துபாஷி அழகப்பன்

சீகன்பால்குவைக் கோட்டைக்குள் அடைத்த கதையை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அதற்கு முந்தைய நாட்களைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. அதிலும் அழகப்பனைத் தாண்டிப் போக முடியவே இல்லை. தஞ்சை ரகுநாத நாயக்கர் டேனிஷ்காரர்களோடு செய்த 1620 ஒப்பந்தம், பொன்னோலை, தரங்கம்பாடியில் அவர்கள் கட்டிய டேன்ஸ்பர்க் கோட்டை எல்லாம் முந்தைய வாரங்களில் பார்த்தாயிற்று. எனவே நேராகக் கடற்கரைக்கு வந்துவிடுவோம்.

1706 ஜூலை 9. சோபியா ஹெட்விக் என்ற கப்பல் தரங்கம்பாடிக்கு எதிரே நங்கூரம் போட்டு நிற்கிறது. கோபன்ஹேகனை விட்டுக் கிளம்பி ஏழு மாதம் ஆகிவிட்டது. அதில் இரண்டு ஜெர்மானியர்கள் இருந்தார்கள். ஒருவர் பர்த்தலோமேயு சீகன்பால்கு. மற்றவர் அவரைவிடச் சில வயது மூத்த ஹென்ரிக் புளுட்சோ. ஹாலே நகரத்து ஃபிராங்கேயின் பக்தி இயக்கத்தில் ஊறியவர்கள். டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக் மதம் பரப்ப நேரடியாக அனுப்பி வைத்த பாதிரிகள். கையில் ராஜ கடிதம் இருந்தது.

ராஜ கடிதம் கோபன்ஹேகனில் செல்லும். கடலில் கேப்டன் வைத்ததுதான் சட்டம். அந்தக் கேப்டனுக்கும் இவர்களுக்கும் வழி நெடுகப் பூசல். கரை கண்ணுக்குத் தெரிகிறது, தென்னை மரங்கள் தெரிகின்றன, ஆனால் இவர்களை மட்டும் இறக்கிவிட அந்த ஆள் சம்மதிக்கவில்லை. கடைசியில் வேறொரு கப்பலைச் சேர்ந்த படகில் ஏறித்தான் இருவரும் கரை சேர்ந்தார்கள்.

வந்தவர்களுக்கு என்ன வரவேற்பு? காலை பத்து மணிக்கு நகரவாசலில் நிற்க வைத்தார்கள். மாலை நான்கு மணி வரை யாரும் உள்ளே அழைக்கவில்லை. ஆனி மாதக் கடைசி வெயிலில், ஐரோப்பியக் குளிருக்குத் தைத்த உடையோடு ஆறு மணி நேரம் நின்றிருக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் டேனிஷ் கவர்னர் ஹாசியஸ் தன் பரிவாரத்தோடு வந்தார். யார் நீங்கள், எதற்கு வந்தீர்கள், யார் அனுப்பியது என்று கடுகடுத்தார். கடிதத்தைக் காட்டியும் முகம் மாறவில்லை. அவர் நடக்க, இவர்கள் பின்னாலேயே போக, சந்தைக்கடை வந்ததும் கவர்னரும் மற்றவர்களும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள். முன்பின் தெரியாத ஊரில், பேச ஒரு சொல்கூடத் தெரியாத பாஷைக்கு நடுவே, இருட்டும் நேரத்தில் இரண்டு பாதிரிகளும் தெருவில் நின்றார்கள். டேனிஷ் கம்பெனி உத்தியோகஸ்தர் ஒருவர் மனம் இரங்கித் தங்க இடம் பிடித்துக் கொடுத்ததால் அன்று ராத்திரி தலைசாய்க்க முடிந்தது.

ஹாசியஸை எனக்குப் பிடிக்காது. கப்பலில் இருந்து இறங்கிய விருந்தாளியைத் தெருவில் விட்டுப் போகிற மனிதரை யாருக்குப் பிடிக்கும்? ஆனாலும் அவர் பக்கத்துக் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். ஏழே வருஷத்துக்கு முன்னால், 1699இல், தஞ்சை மராத்திய மன்னர் ஷாஜியின் படை தரங்கம்பாடியை முற்றுகை போட்டிருந்தது. மதராஸிலிருந்து ஆங்கிலேயர் உதவி வந்ததால் ஊர் பிழைத்தது. மிளகும் துணியும் வாங்கி விற்க வந்தவர்களுக்குச் சுற்றுவட்டாரத்தின் தயவு வேண்டும். அப்படிப்பட்ட ஊரில் இரண்டு பேர் வந்து, உங்கள் சாமி சாமியே இல்லை என்று வீதியில் பிரசங்கம் செய்தால் வியாபாரம் என்ன ஆகும்? ஹாசியஸின் பயம் அதுதான். பயப்படலாம். அதற்காக ஆறு மணி நேரம் வெயிலில் நிறுத்த வேண்டியதில்லை.

சரி, பாஷைக்கு வருவோம். அன்றைக்குக் கடற்கரைப் பட்டினங்களில் வெள்ளைக்காரர்கள் உள்ளூர்க்காரர்களோடு பேசியது போர்த்துகீசியத்தில். எண்பது ஆண்டுகளுக்கு மேல் தரங்கம்பாடியில் இருந்த டேனிஷ்காரர்களும் அதிலேயே காலம் தள்ளினார்கள். புதியவர்கள் இருவரும் முதலில் அதைத்தான் கற்கத் தொடங்கினார்கள். புளுட்சோ போகப்போக அதிலேயே நின்றுவிட்டார். சீகன்பால்குவுக்கு அது போதவில்லை, தமிழ் வேண்டும் என்றார். சொல்லிக் கொடுக்க யார் இருக்கிறார்கள்? இலக்கணப் புத்தகம் கையில் இல்லை.

எழுபது வயது வாத்தியார் ஒருவர் கிடைத்தார். அவரைத் தனியாக வரச் சொல்லவில்லை, பள்ளிக்கூடத்தையே தங்கள் வீட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். பிள்ளைகள் வந்து தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். பெரிய படிப்புப் படித்துவிட்டு வந்த சீகன்பால்குவும் புளுட்சோவும் அந்த வரிசையின் ஓரத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிள்ளைகள் செய்வதைப் பார்த்து மணலில் விரலால் எழுதினார்கள். ‘அ’வின் சுழியைப் பத்து முறை அழித்து எழுதாமல் எந்த வெள்ளைக்காரருக்கும் கை வந்திருக்காது. பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரிக்காமல் இருந்திருப்பார்களா?

எழுத்து வந்துவிட்டது. பொருள் வரவில்லை. வாத்தியாருக்குப் போர்த்துகீசியம் தெரியாது, இவர்களுக்குத் தமிழ் தெரியாது. மணலில் எழுதிய சொல் மரமா மாடா என்று சொல்ல இடையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள்தான் அழகப்பன்.

ஜெர்மானியக் கடிதங்களில் ‘அலேப்பா’ என்று வருகிறார். கம்பெனிக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்தவர். போர்த்துகீசியம், டேனிஷ், டச்சு, ஜெர்மன் நான்கும் பேசுவார். எந்தக் கல்லூரியிலும் படித்ததில்லை, எல்லாம் துறைமுகத்தில் காதால் பிடித்த வித்தை. கம்பெனி ரகசியமும் ஊர் ரகசியமும் ஒருசேரத் தெரிந்தவர். துபாஷிகளைப் பற்றி நம் சரித்திரப் புத்தகங்கள் இரண்டு வரிக்கு மேல் எழுதுவதில்லை. புதுச்சேரித் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளை டைரி எழுதினார், அதனால் பிழைத்தார். அழகப்பன் எழுதியவையெல்லாம் வேறொருவர் காகிதக் கட்டில் போய்ச் சேர்ந்தன.

அவர் வந்தபிறகு வேகம் பிடித்தது. எட்டு மாதத்தில் சீகன்பால்கு தமிழில் பேசினார். அவருடைய தினசரி நேரத்தைக் கடிதத்தில் அவரே எழுதி வைத்திருக்கிறார். காலை ஏழிலிருந்து எட்டு வரை, பழைய சொற்களைத் திருப்பிப் பார்ப்பது. எட்டிலிருந்து பன்னிரண்டு வரை, இதுவரை படிக்காத ஓலைச்சுவடிகள் மட்டும். பக்கத்தில் ஒரு வயதான புலவர், ஓர் எழுத்தர். புலவர் விளக்குவார், புதுச் சொல் வந்தால் எழுத்தர் உடனே குறித்துக்கொள்வார். பகலில் சாப்பிடும்போதுகூட ஒருவர் வாசிக்க, இவர் கேட்டுக்கொண்டிருப்பார். மறுபடி மாலை வரை சுவடி. ராத்திரி ஏழு மணிக்கு மேல் கண்ணுக்கு ஓய்வு, காதுக்கு இல்லை: அப்போதும் ஒருவர் வாசிப்பார். நடை பிடித்துப்போன ஆசிரியரைத் திரும்பத் திரும்பப் படித்தார். இந்தப் பிடிவாதம் இன்றைக்குத் தமிழ் எம்.ஏ. படிக்கிறவர்களில் எத்தனை பேருக்கு இருக்கிறது?

சுவடிகள் எங்கிருந்து வந்தன? ஊர் ஊராக ஆள் அனுப்பி, இறந்துபோன பிராமணர்களின் விதவைகளிடம் விலைக்கு வாங்கினார்கள். வீட்டில் கேட்பாரற்றுக் கிடந்த கட்டுகள் அவை. விற்ற பெண்களுக்கு அந்தக் காசு எதற்கெல்லாம் தேவைப்பட்டிருக்கும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. 1708இல், அதாவது வந்து இரண்டே ஆண்டில், தன்னிடம் இருந்த தமிழ் நூல்களுக்குக் குறிப்புரையோடு ஒரு பட்டியலே போட்டுவிட்டார் சீகன்பால்கு. சமயத்தை மாற்ற வந்தவர் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தப் பட்டியல்தான். அவரைப் பாராட்டுகிறவர்களும் திட்டுகிறவர்களும் அதைப் புரட்டிப் பார்ப்பதில்லை.

அழகப்பனுக்கு என்ன கிடைத்தது? ஊரைவிட்டு விரட்டப்பட்டார். பாதிரிகளுக்கு நம் சமய விஷயங்களையெல்லாம் சொல்லிக் கொடுத்தவன் என்ற பழியோடு தஞ்சை அரசரின் சிறையிலும் கிடந்தார். அப்படியும் அந்தத் தொடர்பு அறவில்லை. 1712 முதல் பாதிரிகள் தமிழர்களிடம் கேள்வி கேட்டு வாங்கி ஹாலேவுக்கு அனுப்பிய கடிதங்களில் பெரும்பகுதி அழகப்பன் எழுதியவை என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அப்போதும் அவர் மதம் மாறியிருக்கவில்லை. தமிழர் என்ன சாப்பிடுகிறார்கள், எதை நம்புகிறார்கள், கிறிஸ்தவர்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்று ஜெர்மனி தெரிந்துகொண்டது பெரும்பாலும் அந்த மனிதரின் பேனா வழியாகத்தான். சீகன்பால்குவுக்குத் தரங்கம்பாடியில் சிலை வைத்திருக்கிறோம், வைக்க வேண்டியதுதான். அதற்குப் பக்கத்தில் இன்னொரு சிலைக்கும் இடம் இருக்கிறது என்பது என் கட்சி.

பக்கம் முடிகிறது. கோட்டைக் கதைக்கு முந்தைய மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதல் ஞானஸ்நானம் 1707 மே 12. பெற்ற ஐந்து பேரும் டேனிஷ் வீடுகளில் அடிமைகளாக இருந்தவர்கள். அடிமையும் எஜமானும் ஒரே கோயிலில் மண்டியிடுவதா என்று வெள்ளைக்காரத் தெருவில் முணுமுணுப்பு கிளம்பியது. ஆகஸ்டில் ‘புதிய எருசலேம்’ ஆலயம் எழும்பியது. ஹாசியஸ் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 1708 நவம்பரில் சிப்பாய்களை அனுப்பினார். சீகன்பால்கு நான்கு மாதம் கோட்டைச் சிறையில் இருந்தார். அது அடுத்த வாரம்.