வீடும் பட்டறையும்

கதை எழுதுகிறவனுக்கு வீடுதான் பட்டறை. அதனால்தானோ என்னவோ, வீட்டில் தொழில் செய்யக் கூடாதென்று நியூயார்க்கில் சட்டம் வந்த கதையைப் படித்ததும் எனக்குக் கோபமே வந்தது.

அந்நகரத்து நெருக்கமான குடியிருப்புகளில் ஏழைகள் குடும்பத்தோடு உட்கார்ந்து சுருட்டுச் சுற்றிப் பிழைத்தார்கள். அதைத் தடுக்க மசோதா வந்தபோது, இளம் சட்டசபை அங்கத்தினர் தியோடர் ரூஸ்வெல்ட்டும் முதலில் என் கட்சிதான். பிறகு தொழிற்சங்கத்தாருடன் போய் நேரில் பார்த்தார். ஒரே அறை; படுக்கையருகே புகையிலை, மிச்சச் சோற்றருகே புகையிலை; குழந்தைகளும் அங்கேயே. மனிதர் மனம் மாறிவிட்டார்.

1884-ம் வருஷச் சட்டத்தை 1885-ல் அந்த மாகாணத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் செல்லாதென்று தள்ளியது. கைதான ஜேகப்ஸுக்கு ஏழு அறைகள். ஒன்றில்தான் சுருட்டு வேலை. அதற்கு வெளியே புகையிலை வாசனையே கிடையாதாம்!

ரூஸ்வெல்ட் கண்டது ஓர் அறை வீட்டை. நீதிபதிகள் கண்டது ஏழு அறை வீட்டை. இரண்டும் உண்மைதான். 1916-ல் அதே நகரம், குடியிருக்க ஓரிடம், வியாபாரத்துக்கு ஓரிடம் என்று வட்டாரம் பிரித்துச் சட்டம் செய்தது.

என் கோபம் இப்போது தணிந்துவிட்டது. வீட்டில் தொழில் நடத்தலாமா என்று யாராவது கேட்டால், வீட்டில் எத்தனை அறை என்றுதான் முதலில் கேட்பேன்.