பொழுதுபோக்கும் குற்றமும்: கேரேஜில் காய்ச்சிய பீர் குறித்துச் சில குறிப்புகள்

கலிஃபோர்னியாவில் கணினி வேலையில் இருக்கும் என் கல்லூரி நண்பன், ஊருக்கு வந்திருந்தபோது கைபேசியில் சில படங்களைக் காட்டினான். கார் நிறுத்துகிற கேரேஜ். கார் வெளியே நிற்கிறது. உள்ளே நான்கு நண்பர்கள். பெரிய எவர்சில்வர் பானை, கேஸ் அடுப்பு, செம்புக் குழாய்ச் சுருள், கழுத்து குறுகிய கண்ணாடிக் குடுவைகள். மாதம் ஒரு சனிக்கிழமை கூடி பீர் காய்ச்சுகிறார்களாம். 'உங்க தாத்தா செஞ்சதத்தான்டா நாங்களும் செய்றோம்' என்று சிரித்தான்.

என் தாத்தா பனையேறி. தமிழகத்தில் கள் இறக்க 1987 ஜனவரி 1 முதல் தடை. அதற்குப் பிறகும் பல வருஷம் அவர் ஒளிந்து ஒளிந்து இறக்கினார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் இரண்டு முறை அவரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். கலயங்களை வாசலில் போட்டு உடைத்தார்கள். நண்பன் குத்தலாகச் சொல்லவில்லை, அன்பாகத்தான் சொன்னான். வேதியியலாகப் பார்த்தால் சரியாகவும் சொன்னான். ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று மதுவையும் கரியமில வாயுவையும் தருகிறது. பனம்பாளைச் சாறா, பார்லிச் சாறா, குடிப்பவன் எந்தச் சாதி என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. ஆனால் வேதியியலில் ஒன்றாக இருப்பது வரலாற்றில் ஒன்றாக இருக்கிறதா? அன்றைக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் குறிப்புகள் அவனுக்கான தாமதமான பதில்.

1

முதலில் அந்த கேரேஜுக்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். நம்மில் பலர் செய்வதுபோல 'மேட்டுக்குடி விளையாட்டு' என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போவது சோம்பல்.

முளைகட்டி உலர்த்தி உடைத்த பார்லியை ஏறக்குறைய 65 டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கிறார்கள். மாவு சர்க்கரையாகிறது. சாற்றை வடித்து, கசப்புக்கும் மணத்துக்கும் ஹாப்ஸ் பூ சேர்த்து இன்னொரு மணி நேரம் கொதிக்கவிட்டு, வேகமாக ஆறவைத்து, ஈஸ்ட் கலந்து மூடுகிறார்கள். இரண்டு வாரம் நொதித்த பிறகு கொஞ்சம் சர்க்கரை போட்டு பாட்டிலில் அடைத்தால், மேலும் இரண்டு வாரத்தில் நுரை கட்டும். வழக்கமான ஒரு ஈடு 5 கேலன், அதாவது சுமார் 19 லிட்டர். ஐம்பது பாட்டிலுக்கு வரும். காய்ச்சும் வேலையைவிடக் கழுவும் வேலைதான் அதிகம். பாத்திரத்தில் அழுக்கு இருந்தால் மொத்தமும் புளித்துப் போகும். தனியாளாகச் செய்தால் அலுப்பு. நாலு பேர் சேர்ந்தால் அதுவே ஒரு நாள் கொண்டாட்டம்.

இதை விற்க அங்குள்ள சட்டம் இடம் தரவில்லை. ஆகவே குடிக்கிறார்கள், கொடுக்கிறார்கள், செய்முறையை ஒளிக்காமல் சொல்லித் தருகிறார்கள். எல்லாவற்றுக்கும் விலைச்சீட்டு ஒட்டிவிட்ட ஒரு சமூகத்தில், விலையற்ற ஒரு பொருளைச் சுற்றி நாலு பேர் கூடுவது சாதாரண விஷயமில்லை. இந்த இடத்தில் நான் நண்பனின் பக்கம்.

2

கேரேஜ் பீரின் கதையைச் சொல்பவர்கள் அதை 1978இல் தொடங்குவார்கள். அவ்வாண்டு அக்டோபர் 14 அன்று ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட ஒரு சட்டத்தின் வழியாக, வீட்டில் பீர் காய்ச்சுவது கூட்டாட்சி அளவில் குற்றமில்லை என்றானது. திருத்தத்தைக் கொண்டுவந்தவர் கலிஃபோர்னியாவின் செனட்டர் ஆலன் கிரான்ஸ்டன். 1979 பிப்ரவரி முதல், வயதுவந்த ஒருவர் இருக்கும் வீட்டில் ஆண்டுக்கு 100 கேலனும் இருவரோ மேலோ இருந்தால் 200 கேலனும் வரியின்றிக் காய்ச்சலாம். இதை ஒரு 'விடுதலை'யாகக் கொண்டாடுவது வழக்கம். சரி, யாருக்குக் கிடைத்த விடுதலை? அதற்கு முன்னால் காய்ச்சியவர்கள் யார்?

இடைக்கால இங்கிலாந்தில் ஏல் காய்ச்சியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். வீட்டுக்குக் காய்ச்சி மிஞ்சியதை அக்கம்பக்கத்தில் விற்றார்கள். 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பிறகு தொழில் பெருகியது. ஹாப்ஸ் சேர்ந்ததும் பீர் நாள்பட நின்றது. தூர இடங்களுக்கு அனுப்ப முடிந்தது. முதலீடும் தொழிற்சங்கமும் வந்தன. 1600 வாக்கில் தொழில் பெரும்பாலும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. ஜூடித் பென்னட் 1996இல் வெளியிட்ட ஆய்வு இந்த வெளியேற்றத்தை விரிவாகப் பேசுகிறது.

அமெரிக்காவுக்கு வருவோம். தாமஸ் ஜெஃபர்சன் தன் மாண்டிசெல்லோ பண்ணையில் பீர் காய்ச்சினார் என்று பெருமையாகச் சொல்வார்கள். காய்ச்சியது அவரல்ல. 1813இல் ஜோசப் மில்லர் என்ற ஆங்கிலேயரிடம் தொழிலைக் கற்று, பிறகு பொறுப்பேற்று நடத்தியவர் பீட்டர் ஹெமிங்ஸ் என்ற அடிமை. 'ஜெஃபர்சன் காய்ச்சினார்' என்கிற அந்த வினைமுற்றுக்குள் இன்னொருவனின் கை மறைந்து கிடக்கிறது. தாஜ்மகாலைக் கட்டியது யார் என்று நாம் கேட்பதில்லையா, அதே மாதிரிதான்.

அடுத்து மதுவிலக்குக் காலம், 1920 முதல் 1933 வரை. வீட்டில் பழரசம் செய்யச் சட்டத்தில் ஒரு சலுகை இருந்தது, பீருக்கு இல்லை. ஆனாலும் நாடு முழுக்கச் சமையலறைகளிலும் நிலவறைகளிலும் பீர் பொங்கிக்கொண்டுதான் இருந்தது. பெரிய பீர் நிறுவனங்கள் அதே பார்லியை மால்ட் பாகாக டப்பாவில் அடைத்து, ரொட்டி சுட என்று சொல்லி விற்றுப் பிழைத்தன. இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். 1928 டிசம்பரில் மிச்சிகன் மாநிலத்தின் லான்சிங் நகரில் எட்டா மே மில்லர் என்ற பெண்ணுக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. பத்துப் பிள்ளைகளின் தாய். இரண்டு பைண்ட் மது விற்றது அவர் குற்றம். நான்காவது முறை பிடிபட்டதால், வழக்கமான குற்றவாளிகளுக்கான சட்டம் அவர்மேல் பாய்ந்தது. கூச்சல் எழுந்து பிறகு விடுதலையானார் என்பது வேறு விஷயம். டப்பா விற்றவன் வியாபாரி, பைண்ட் விற்றவள் குற்றவாளி. லிசா மெக்கர் இக்காலம் பற்றிய தன் நூலில் எடுத்துக்காட்டுவதுபோல, சட்டத்தின் கை குடியேறிகள்மீதும் கறுப்பர்கள்மீதும் ஏழைகள்மீதும்தான் கனமாக விழுந்தது.

3

மதுவிலக்கு போன பிறகு வீட்டு ஒயினுக்கு அனுமதி வந்தது, பீருக்கு வரவில்லை. அந்த இடைவெளியில் பெருநிறுவனங்கள் சிறியவற்றை விழுங்கின. 1873இல் 4,000க்கும் மேல் இருந்த பீர் ஆலைகள் சுருங்கிச் சுருங்கி, 1970களின் இறுதியில் ஐம்பதுக்கும் குறைவான நிறுவனங்களே எஞ்சின. எங்கும் ஒரே மாதிரியான வெளிறிய பீர். இதற்கு எதிராகத்தான் வீடுகளில் மறுபடியும் பானை ஏறியது. லாஸ் ஏஞ்சல்ஸில் வீட்டு ஒயினுக்குப் பொருள் விற்கும் ஒரு கடையில் 1974இல் 'மால்டோஸ் ஃபால்கன்ஸ்' சங்கம் தொடங்கியது. கொலராடோவின் போல்டர் நகரில் சார்லி பப்பாஜியன் வகுப்பெடுத்தார். 1978இல் அமெரிக்க வீட்டு பீர் காய்ச்சுவோர் சங்கம் பிறந்தது.

1974 என்ற ஆண்டைக் கவனிக்க வேண்டும். சட்டம் மாற இன்னும் நான்கு வருஷம் இருக்கிறது. அப்போதே பெயர் வைத்து பகிரங்கமாகச் சங்கம் நடத்த முடிந்திருக்கிறது. 1928இல் ஒரு ஏழைத் தாய்க்கு ஆயுள் சிறை என்றால், 1974இல் நடுத்தர வர்க்கத்து ஆண்களுக்கு அது வாரக்கடைசி. ஒரு செயலைக் 'குற்றம்' ஆக்குவதும் 'பொழுதுபோக்கு' ஆக்குவதும் சட்டப்புத்தகம் மட்டுமல்ல. செய்கிறவன் யார், எங்கே நின்று செய்கிறான் என்பதும்தான்.

எங்கே? கேரேஜில். இந்த கேரேஜ் சும்மா வந்த அறை அல்ல. கேரேஜ் வேண்டுமென்றால் கார் வேண்டும், சொந்த வீடு வேண்டும், புறநகர் வேண்டும். 1934இல் உருவான கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் கடன் உத்தரவாதம் தந்து இந்தப் புறநகர்களை எழுப்பியது. கறுப்பர்கள் வாழும் பகுதிகளை 'ஆபத்தானவை' என வகைப்படுத்தி ஒதுக்கியது. வீட்டில் நிறபேதம் கூடாது என்று சட்டம் வர 1968 ஆனது. அதற்குள் யாரிடம் கேரேஜ், யாரிடம் தெருமுனை என்பது முடிவாகிவிட்டது. தெருவில் நின்று குடிப்பவன் 'தொந்தரவு'; கேரேஜில் காய்ச்சுகிறவன் 'ஆர்வலன்'.

4

கேரேஜுக்கு அமெரிக்கப் புராணத்தில் இன்னொரு இடமும் உண்டு. ஹியூலெட்டும் பாக்கர்டும் பாலோ ஆல்டோவில் தொழில் தொடங்கிய கேரேஜ் இன்றைக்கு நினைவுச்சின்னம். பொழுதுபோக்கு மூலதனமாக மாறும் திருத்தலம் அது. பீரும் அந்த வழியில் போனது. வீட்டில் காய்ச்சிப் பழகிய ஜாக் மெக்காலிஃப் 1976இல் சொனோமாவில் நியூ ஆல்பியன் ஆலையைத் தொடங்கி 1982இல் மூடினார். கென் கிராஸ்மன் பழைய பால்பண்ணைப் பாத்திரங்களை ஒட்டுப்போட்டு 1980இல் சியரா நெவாடா பீரைக் கொண்டுவந்து ஜெயித்தார். 2020களில் அமெரிக்க ஆலைகளின் எண்ணிக்கை 9,000ஐத் தாண்டியது. பெருநிறுவனம் என்ன செய்தது? ஆன்ஹைசர்-புஷ் இன்பெவ் 2011இல் சிகாகோவின் கூஸ் ஐலண்டை வாங்கியது. 2016இல் வீட்டில் காய்ச்சுவோருக்குப் பொருள் விற்கும் நார்தர்ன் புரூவர் கடையையும் வாங்கியது. தன்னை எதிர்த்துக் காய்ச்சுகிறவனுக்கும் தானே பானை விற்கிற சாமர்த்தியம். எதிர்ப்பை உள்ளிழுத்துக்கொள்வது பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதியதற்கு இதைவிட எளிய உதாரணம் கிடையாது. இத்தனை ஆயிரம் ஆலைகளில் கறுப்பர்கள் உரிமையாளர்களாக இருப்பவை ஒரு சதவீதத்தைக்கூடத் தொடவில்லை என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும். பீட்டர் ஹெமிங்ஸின் வாரிசுகளுக்குப் பானை திரும்பி வரவில்லை.

5

நண்பனுக்கு வருகிறேன். அவன் அங்கே வெள்ளையன் அல்ல; விசாவிலும் வேலையிலும் அவனுக்கும் அவமானங்கள் உண்டு. ஆனாலும் அந்த கேரேஜ் கதவுக்குள் அவன் நுழைந்துவிட்டான். அவன் கையில் இருப்பது 200 கேலனுக்கான உரிமை. என் தாத்தாவுக்கு ஒரு கலயத்துக்கும் உரிமை இல்லாமல் போனது. 2003 முதல் மதுவைச் சில்லறையிலும் அரசே விற்கிற மாநிலத்தில், மரத்திலிருந்து இறக்குகிறவன் மட்டும் இன்றுவரை குற்றவாளி.

குடியால் அழிந்த வீடுகளை நானும் பார்த்திருக்கிறேன். மதுவை எதிர்த்துத் தெருவுக்கு வந்த பெண்களின் கோபத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. கள்ளைப் புனிதமாக்குவது என் வேலையல்ல. நான் கேட்பது வேறு. தடை செய்வதென்றாலும் அனுமதிப்பதென்றாலும், ஏன் எப்போதும் கையால் செய்கிறவன்தான் முதலில் சிறைக்குப் போகிறான்? ஏன் அவனுடைய அறிவு, அவன் கையை விட்டுப் போன பிறகு மட்டும் 'கலை' ஆகிறது?

'நாங்களும் செய்றோம்' என்றான் நண்பன். செய்வது ஒன்றுதான்டா. நீ செய்யும்போது கதவைத் தட்டுகிறவன் பக்கத்து வீட்டுக்காரன், கையில் காலிக் கோப்பையோடு. தாத்தா வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. உதைத்துத் திறந்தார்கள்.